நேரடி ஒலிபரப்பில் ஒரு பொன்னாடை

என் மகன் பான்ஜோ என்ற தந்தி வாத்தியம் வாசிக்கிறான் என்பதை இரண்டு வருடங்களாக நான் யாருக்கும் சொல்லவில்லை. நோர்வேயின் துரொண்ட்ஹெய்ம் நகரில் பொறியியல் படிக்கிறான் என்றே கோயிலில் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லி வந்தேன். அவனோ படிப்பை விட்டுவிட்டு, மூன்று நோர்வேக்காரருடன் கிராமியப் பாட்டும் கண்ட்ரி இசையும் பாடும் குழுவொன்றில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தான். "சனம் கேட்டால் படிக்கிறன் எண்டே சொல்லு" என்று ஒருநாள் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். அதோடு அவன் என்னுடன் கதைப்பதை நிறுத்திவிட்டான். தாயின் திவசத்துக்கு மட்டும் ஒரு குறுஞ்செய்தி வரும்.

மனைவி போனபின், ஒஸ்லோவின் ஓரத்தில் குரோருட் வீட்டில் நான் தனி. ஒருமுறை கறி வைத்தால் மூன்று நாளைக்குக் கிடக்கும். நான் வாய் திறப்பதெல்லாம் வேலையிடத்தில்தான். அது ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறை. சனிக்கிழமை மத்தியானங்களில் அங்கே வானொலி பாடும். நகர நடுவில் உள்ள ஒரு கபேயில் ஆட்களை முன்னால் இருத்தி, மகன் பாடுகிற மாதிரிப் பாட்டுகளை நேரடியாக ஒலிபரப்புவார்கள். தலைமைச் சமையல்காரிக்கு அந்த நிகழ்ச்சி என்றால் உயிர். நான் காது கொடுத்ததில்லை. ஒரு சனிக்கிழமை, அடுத்த வாரம் வரப்போகிறவர்கள் என்று அறிவிப்பாளர் மகனின் குழுவைச் சொன்னார். கையில் உருளைக்கிழங்கோடு அப்படியே நின்றுவிட்டேன். ஒஸ்லோவுக்கு வருகிறான், எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை.

முதலில் கோபம்தான் வந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் வெட்கம் வந்தது. ஊருக்கு மறைத்ததை ஊர் கேட்கவே திருத்திவிட வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

எங்கள் ஆட்களுக்கு மேடையில் ஒருவர் நின்றால் சும்மா விட மனம் வராது. பொன்னாடை போர்த்தியே ஆகவேண்டும். என்னிடம் ஒன்று இருந்தது. கோயில் திருவிழாவில் மூன்று வருடம் சமையல் பார்த்ததற்காக எனக்குப் போர்த்தியது. எனக்கு முன்னால் அது எத்தனை தோளைக் கண்டதோ தெரியாது. சனிக்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, அதைச் சுருக்கம் போக மினுக்கி, மடித்து, கோட்டின் உட்பையில் வைத்துக்கொண்டு, டை கட்டிப் புறப்பட்டேன். "நான் இவருடைய தகப்பன்" என்ற ஒரே வசனத்தை நோர்வே மொழியில் வழி முழுக்கச் சொல்லிப் பார்த்தேன்.

கபேயில் எல்லாரும் கம்பளிச் சட்டையோடு இருந்தார்கள். டை கட்டிய ஒரே ஆள் நான். மேடையில் நால்வருக்கும் ஒரே மைக். பாடுகிறவர் ஓரடி முன்னால் வர, மற்றவர் ஓரடி பின்னால் போகிறார், ஒருவரோடொருவர் இடிபடுவதே இல்லை. மகனின் முறை வந்தபோது பிடில் வாசித்த பெண் தோளைச் சரித்து அவனுக்கு வழிவிட்டாள். அவனுடைய அசைவெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்குப் பொறாமையாக இருந்தது.

இரண்டாவது பாட்டு முடிந்து கைதட்டினார்கள். நான் எழும்பி நேரே மேடைக்கு ஏறினேன். காதில் ஹெட்போன் மாட்டிய பெண் ஒருத்தி இரண்டு கையையும் வீசி மறித்தாள். நான் நிற்கவில்லை. பொன்னாடையை உதறி விரித்து மகனின் தோளில் போட்டேன். அதன் குஞ்சம் பான்ஜோவின் முறுக்காணியில் சிக்கியது. கரை மைக்கில் உரசி, கரகரவென்ற சத்தம் நாடு முழுக்கப் போயிருக்கும்.

அறிவிப்பாளர் அனுபவசாலி. "நேயர்களே, டை கட்டிய ஒரு பெரியவர் வந்து நமது பான்ஜோக்காரருக்குத் தங்க நிறத் துணியொன்றைப் போர்த்தியிருக்கிறார்" என்றார். சபை சிரித்தது. மைக்கை என் பக்கம் நீட்டி, "நீங்கள் யார்?" என்று கேட்டார்.

நான் வந்ததே இந்தக் கேள்விக்குத்தான். மகனைப் பார்த்தேன். காது சிவந்து, சிக்கிய குஞ்சத்தைக் குனிந்து பிரித்துக்கொண்டிருந்தான். வழி முழுக்கச் சொல்லிப் பார்த்த வசனம் வாய் வரை வந்தது.

"ஒரு நேயர்" என்றேன். "குரோருட்டில் இருந்து வந்திருக்கிறேன்."

எல்லாரும் கைதட்டினார்கள். மகன் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பேஸ் வாசித்தவர் மூன்று வரை எண்ண, அடுத்த பாட்டுத் தொடங்கியது.

நிகழ்ச்சி முடிந்ததும் வாசலில் வந்து நின்றான். பொன்னாடை கையில் இருந்தது.

"ஏன் அப்பா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"உனக்கு வெக்கமா இருக்குமெண்டு நினைச்சன்."

"நீங்கள் வந்து இருந்ததை நான் முதலே கண்டனான். கடைசிப் பாட்டுக்கு முன்னாலை, அப்பா வந்திருக்கிறார் எண்டு சொல்லுறதா இருந்தனான். நீங்கள் நேயர் எண்டு சொன்ன பிறகு நான் எப்பிடிச் சொல்லுறது? உங்களை நாடறியப் பொய்யன் ஆக்கச் சொல்லுறியளோ?"

"வீட்டை வா, கணவாய்க் கறி வைச்சிருக்கிறன்" என்றேன். குழுவின் வான் வண்டி காத்து நின்றது, பின்னேரம் திராமன் நகரில் இன்னொரு மேடை. "பாப்பம் அப்பா" என்றான். பொன்னாடையை மட்டும் கொண்டுபோனான்.

வீட்டுக்கு வந்து, கறியைச் சூடாக்காமலே, அந்த நிகழ்ச்சியின் தொலைபேசி இலக்கத்தைத் தேடி எடுத்தேன். பதிவு செய்த ஒரு பெண் குரல், திங்கட்கிழமைதான் ஆட்கள் வருவார்கள், செய்தி இருந்தால் சொல்லலாம் என்றது. சொன்னேன். பொன்னாடை போர்த்திய நான் நேயர் இல்லை, பான்ஜோக்காரருடைய தகப்பன் என்று, காலையில் பாடமாக்கிய அதே வசனத்தை ஒரு பிழையும் இல்லாமல் சொன்னேன். அவர்கள் விரும்பினால் அடுத்த சனிக்கிழமை அதைத் திருத்தி வாசிக்கலாம் என்றும் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை சமையலறையில் நானே வானொலியின் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். நிகழ்ச்சி முடியும்வரை கேட்டேன். வேறொரு குழு வந்து பாடிவிட்டுப் போனது.