தட்டா, தலையணையா?

எனக்குப் பத்து வயதான கோடை விடுமுறையில், கல்லூரியில் சேரவிருந்த என் அக்கா துப்பட்டாவால் கண்ணைக் கட்டிக்கொண்டு நாக்கைச் சொடுக்க ஆரம்பித்தாள். அந்தச் சத்தம் எதிரே இருப்பதில் பட்டுத் திரும்பி வருமாம். அதைக் கேட்டே என்ன இருக்கிறதென்று சொல்லிவிடலாமாம். ஏதோ வீடியோவில் பார்த்திருக்கிறாள். நான் நம்பவில்லை. ஆனால் எங்கள் ஊர் மூலக்குளத்தின் அந்த வெயிலில் வேறு விளையாட்டும் இல்லை.

அவள் முகத்துக்கு முன்னால் எதையாவது பிடிப்பது என் வேலை. எவர்சில்வர் தட்டு, இல்லையென்றால் தலையணை. சிலசமயம் ஒன்றுமே இல்லை. முதலில் எல்லாமே தப்பாகச் சொன்னாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"கிட்ட வராத, அங்கியே நில்லு. பொருள மட்டும் மாத்து. ரெண்டயும் ஒண்ணா மாத்துனா எதனால சத்தம் மாறுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

தட்டில் பட்ட சத்தம் கூர்மையாகத் திரும்பியது. தலையணை அதை விழுங்கிவிட்டது. மெல்ல மெல்ல அவளுக்குப் பிடிபட்டது. நான் ஏமாற்றிப் பார்த்தபோது, "ஒண்ணுமே புடிக்கல நீ, திருட்டுக் கழுத" என்றாள்.

பிறகு தெருவுக்கு வந்தோம். பிரான்சுக்குப் போய்விட்டவர்களின் பூட்டிய வீட்டுக்கு நீளமான மதில் உண்டு. அதை ஒட்டிச் சொடுக்கிக்கொண்டே நடந்தவள், மதில் முடிந்ததைச் சரியாகச் சொன்னாள். அடுத்த நொடி, கரண்ட் கம்பத்தை இழுத்துக் கட்டியிருந்த கம்பியில் நெற்றியை மோதிக்கொண்டாள். ரத்தம் வழிந்தது.

"போதும்டி இந்தக் கூத்து!" என்று அம்மா கத்தினாள்.

"மெலிசா இருந்தா சத்தம் சரியா திரும்பி வரலம்மா. அதுக்குக் கையில ஒரு குச்சி வேணும்" என்றாள் அக்கா, பஞ்சை நெற்றியில் அழுத்தியபடி. மறுநாள் காலை பிளாஸ்திரியும் குச்சியுமாகத் தெருவில் நின்றாள்.

கல்லூரி திறப்பதற்குள், கண்ணைக் கட்டியபடியே தெருமுனைக் கடைவரை தனியாகப் போய்வந்தாள். நின்றிருந்த வேனைச் சுற்றிக்கொண்டு, எந்த வீட்டு கேட் திறந்திருக்கிறது என்றுகூடச் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் கைதட்டிக் குதித்தேன். அப்பா அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். அம்மா அழுதாள்.

அக்காவின் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது, அதைத் தடுக்க மருந்தில்லை என்று டாக்டர் அந்த விடுமுறைக்கு முன்பே சொல்லியிருந்தார். வீட்டில் எனக்கு மட்டும் அது தெரியாது. ஜெயித்தவளைப் பார்த்து எதற்கு அழுகை என்று அம்மாமேல் எனக்குக் கோபம் வந்தது. "இப்ப என் டர்ன்" என்று அடம்பிடித்தேன். அக்கா என் கண்ணைக் கட்டிவிட்டாள். எதிர்வீட்டைத் தாண்டுவதற்குள் பயம் வந்துவிட்டது. நானே அவிழ்த்துப் போட்டுவிட்டு, இது ஒன்றும் அவ்வளவு நல்ல விளையாட்டு இல்லை என்றேன்.