மாஸ்டரம்மாவின் முதுகு

"சார், ஓரமா நிறுத்துங்க. முதுகு ஹாரன் அடிக்குது."

வண்டி நின்றதும் மாஸ்டரம்மா இறங்குகிறார். அது ஒரு தனிக்கலை. முழங்கால்களை ஒட்டிவைத்து, உடம்பை மொத்தமாக வாசல் பக்கம் திருப்பி, கதவைப் பிடித்து எழுவார். முதலில் வயிறு வெளியே வரும்; பின்னாலேயே அவர். காரின் பின்பக்கம் போய் டிக்கியில் உள்ளங்கைகளை ஊன்றி, முதுகைப் பூனை மாதிரி மேலே வளைப்பார். மெல்ல நிமிர்த்துவார். மறுபடியும் வளைப்பார்.

அவ்வளவுதான், தெருவில் போகிறவர்கள் ஓடிவந்துவிடுவார்கள். ஏழு மாதக் கர்ப்பிணி கார் தள்ளுவதாக நினைத்துக்கொண்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஜம்மென்று உட்கார்ந்திருக்கும் என்னை அவர்கள் பார்க்கும் பார்வை இருக்கிறதே! ஒருநாள் ஒருவர் கண்ணாடியைத் தட்டினார்: "வயித்துப் பிள்ளைக்காரியத் தள்ள விட்டுட்டு உள்ள உக்காந்திருக்கியே, மனுஷனாய்யா நீ?"

"விடுங்கண்ணா, வண்டி நல்லாத்தான் இருக்கு. ரிப்பேர் எனக்குத்தான்" என்று மாஸ்டரம்மாதான் என்னை மீட்டார்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். ஆள் குட்டை, குரல் மட்டும் நெட்டை. என்னைப் போல நரை விழுந்த பிறகு கற்க வருகிறவர்கள் கிளட்சைப் படக்கென்று விட, கார் தவளையாய்க் குதிக்கும். குதி நேராக அவர் இடுப்பில் போய் இறங்கும். "மெதுவா சார், உள்ள ஒருத்தர் தூங்கறாங்க" என்பார். அதற்குமேல் கோபிக்கத் தெரியாது.

இவ்வளவு துள்ளலோடு இருப்பவர், சில மாதங்களுக்கு முன் கட்டிலைவிட்டு இறங்கவே பயந்தவர். முந்தைய கர்ப்பம் தங்கவில்லை. அதனால் இம்முறை அவருடைய அம்மா வந்திறங்கி, "அசையாதடி" என்று படுக்க வைத்துவிட்டார். அசையவில்லை. முதுகுவலிதான் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போனது. புரண்டு படுக்கவே கணவர் கைகொடுக்க வேண்டியிருந்தது. டாக்டர் சோதித்துப் பார்த்து, "குழந்தை நல்லா இருக்கு. நீங்கதான் துருப்பிடிக்கறீங்க, எழுந்து நடங்க" என்று உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண்ணிடம் அனுப்பினார்.

"முதல் நாள் முதுக வளைக்கறப்போ பாதியிலயே நிறுத்திட்டேன் சார். ஏதாவது ஆயிடுமோன்னு அழுதுட்டேன். எங்க வீட்டுக்காரர், 'நானும் செய்யறேன் வா'ன்னு தரையில மண்டி போட்டுட்டார்."

இருவரும் நாலு காலில் நின்று முதுகை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தபோது அம்மா கதவைத் திறந்தாராம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தோடு தொலைஞ்சிடுச்சா?" என்று அவரும் மண்டியிட்டுக் கட்டிலுக்கடியில் தேடத் தொடங்கிவிட்டார். சிரித்ததில் அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது.

வலி குறைந்து வேலைக்குத் திரும்பினாலும், டிரைவிங் பள்ளி முதலாளிக்குத் திருப்தியில்லை. வழியில் ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். போன வாரம் என் வகுப்பில் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மாஸ்டரம்மாவை வீட்டுக்கு அனுப்பத்தான் வந்திருக்கிறார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். மாஸ்டரம்மா அன்று கிண்டலே பேசவில்லை. நான் கிளட்சைப் படக்குப் படக்கென்று விட்டேன். ரவுண்டானாவில் கார் தாறுமாறாகக் குதித்தது. கண்ணாடியில் முதலாளியின் தலை கூரையைத் தொட்டுத் தொட்டு இறங்கியது.

ஓரம் கட்டினேன். மாஸ்டரம்மா வழக்கம்போல் இறங்கி நிமிர்ந்தார். பின்கதவும் திறந்தது. முதலாளி பாதி வந்தார், மீதி வரவில்லை. கேள்விக்குறியாய் வளைந்து நின்று, "ஏம்மா... பிடிச்சுக்கிச்சும்மா!" என்றார்.

"அசையாம நிக்காதீங்க முதலாளி. கைய இப்படி ஊனுங்க. மூச்ச இழுங்க. ம்... மெதுவா வளைங்க."

டிக்கியில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் கையூன்றி வளைந்து நிமிர்ந்தார்கள். கடைப்பையோடு வந்த ஒரு பெண்மணி நின்று இருவர் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முதலாளியிடம் அக்கறையாக, "உங்களுக்கு எத்தனாவது மாசம்?" என்று கேட்டார்.

முதலாளியே வெடித்துச் சிரித்துவிட்டார். சிரித்த வேகத்தில் இடுப்பும் கொஞ்சம் இளகியது. கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் நீ வாம்மா. ஆனா இந்த ஆளோட மட்டும் வராத" என்று என்னைக் காட்டினார்.

"இவர் போதும் முதலாளி. இவரத் தாங்கிட்டா பிரசவம்லாம் சும்மா" என்றார் மாஸ்டரம்மா.

முதலாளி நடந்தே போகிறேன் என்று கிளம்பிவிட்டார். மாஸ்டரம்மா ஏறி உட்கார்ந்தார். பெல்ட்டின் கீழ்ப்பட்டையை வயிற்றுக்கு அடியில் நிதானமாக இறக்கிவிட்டார். நான் சாவியைத் திருப்பப் போனேன். கையை நீட்டித் தடுத்தார். குனிந்து, வயிற்றை இரண்டு விரலால் மெல்லத் தட்டி, "கிளம்பலாமா?" என்று கேட்டார். தலையைச் சாய்த்துக் காத்திருந்தார்.