கோமளாவின் மூன்று வால்துண்டுகள்

நேற்று பாலிடெக்னிக் ஆய்வகத்தில் நடந்தவை:

1. ஊசல் சோதனைக்கு நூல் தீர்ந்திருந்தது.
2. என் மேசை இழுப்பறையில் பல வருடமாகக் கிடந்த பட்டுநூலை எடுத்துக் கொடுத்தேன்.
3. குண்டு ஆடுவதை விட்டுவிட்டுத் தன்னைத் தானே சுற்றியது. நின்றது. மறுபக்கம் சுற்றியது.
4. "நூல் முறுக்கு பிரியுது மேடம்" என்றாள் ஒரு மாணவி.
5. வகுப்பைப் பத்து நிமிடம் முன்னதாக முடித்துவிட்டேன்.

ஐந்தாவதற்குக் காரணம் சொல்ல வேண்டும். காலையிலிருந்து உட்காருவதும் எழுவதுமாக இருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நூலில் இன்னும் லேசாகச் சோப்பு வாடை இருக்கிறது. பெரிய காஞ்சிபுரத்தில் பட்டைச் சோப்பு நீரில் வேகவைக்கும் வீடுகளைத் தாண்டும்போது வருமே, அதே வாடை. அப்படியொரு வீடுதான் என் பள்ளித்தோழி கோமளாவுடையது. பள்ளியின் கடைசி வருடத்தில் கண்காட்சிக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து ராக்கெட் செய்தோம். ரேடியோவைத் திறந்தால் சந்திரனைப் பற்றியே பேசிய காலம் அது.

திருவிழா வாணம் செய்பவரிடம் மருந்துக்குழாய் வாங்கினோம். வாணத்தை நேராகக் கொண்டுபோவது அதன் நீளக் குச்சி. குச்சியே இல்லாமல் பறக்கவிடுவதுதான் எங்கள் வீம்பு. அதற்குப் பதிலாக வால். காலண்டர் அட்டையில் கண்ணளவாகவே மூன்று சின்னத் துண்டுகள் வெட்டிக் குழாயின் அடியில் ஒட்டினாள் கோமளா. சரிபார்க்க வேண்டியவற்றுக்கு நான் பட்டியல் போட்டேன். பதினேழு வரி. எனக்கு அப்போதே அந்த வியாதி.

கட்டிச் சுற்றிப் பார்த்துத் தேறினால்தான் பற்றவைக்கலாம் என்று அறிவியல் டீச்சர் சொல்லியிருந்தார். ராக்கெட் எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறதோ அங்கே நூல் கட்டித் தலைக்குமேல் சுற்ற வேண்டும். மூக்கு முன்னால் போனால் நேராகப் பறக்கும். இல்லாவிட்டால் ஆள்மேலேயே திரும்பும். கோமளா வீட்டிலிருந்து, தறியில் நீளவாக்கில் ஓடும் பட்டுப் பாவுநூல் கொண்டுவந்தாள், நேற்று நான் எடுத்துக் கொடுத்த அதே நூல்; ஆளையே தொங்கவிட்டாலும் அறாதாம்.

சுற்றினேன். மூக்கு முன்னால் வந்தது, பக்கவாட்டில் போனது, வால் முன்னால் வந்தது.

"வாலு போதலை" என்றேன்.

"வாலு இன்னாடி பண்ணும்? நூல் முறுக்கு பிரிஞ்சிக்கினு இருக்குது, அதான் சுத்துது."

"நீதானே நல்ல நூலுன்னு பெருமையா கொண்டாந்தே?"

"நல்ல நூல்தான். உன் கைக்குத்தான் அது தெரியல."

அந்தப் பேச்சு எனக்குப் பொறுக்கவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்று துண்டுகளையும் பிய்த்தேன். பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் இரண்டு மடங்கு பெரிய வால் ஒட்டினேன். பட்டுநூலைத் தொடவும் பிடிக்காமல், மளிகைப் பொட்டலத்தில் வந்த பருத்திநூலில் கட்டிச் சுற்றினேன். மூக்கு முன்னால் போனது. வாலையும் நூலையும் ஒருசேர மாற்றினால் எதனால் சரியானது என்று சொல்ல முடியாது என்பது உறைக்கவேயில்லை. பட்டியலில் டிக் அடித்தேன். இன்று அதே தவறுக்கு மாணவிகளிடம் மதிப்பெண் குறைக்கிறேன்.

கண்காட்சியன்று வேகவதி ஆற்று மணலில் பற்றவைத்தோம். பனை உயரம் போவதற்குள் பெரிய வால் காற்றில் மாட்டிக்கொண்டது. ராக்கெட் காற்று வந்த பக்கமே தலையைத் திருப்பி, கோரைப்புல்லில் போய்ச் சொருகியது. இருந்தாலும் கை தட்டினார்கள், பரிசும் கொடுத்தார்கள். செய்தவர் பெயர் எழுதும் அட்டையில் என் பெயரை மட்டும் எழுதியிருந்தேன். கோமளா அதை நின்று படித்தாள். அதன்பின் பரீட்சை முடியும்வரை வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பிய்த்த துண்டுகளை ஏனோ எறியவில்லை. ஜியாமெட்ரி பெட்டியில் கிடந்தன. இன்று காலை அதே அளவில் ஒரு குழாய் சுருட்டி, களிமண்ணில் எடை வைத்து, அவற்றை ஒட்டினேன். மொட்டைமாடியில் பருத்திநூலில் கட்டிச் சுற்றினேன். ஆறு முறை. ஆறு முறையும் மூக்குதான் முன்னால் போனது.

வாணக்காரர் கடை மூடிவிட்டது. நாங்கள் பற்றவைத்த மணலை லாரிகள் அள்ளிப் போய்விட்டன. கோமளாவின் வீட்டில் வேறு யாரோ இருக்கிறார்கள். கல்யாணமாகி எந்த ஊருக்குப் போனாள் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பரிசுச் சான்றிதழில் இன்னும் ஒரு பெயர்தான் இருக்கிறது. அவளுடைய வால் சரியாகத்தான் இருந்தது.