வளைவில் வராத பொறி

மறுநாள் ஆடி பிறக்கிறது. தையில்தான் சித்திக்குக் கல்யாணம் ஆகியிருந்தது; ஆனியிலேயே தனியாகத் தாத்தா வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆடி பிறந்துவிட்டால் புதுப்பெண்ணைப் புருஷன் வீட்டுக்கு ஒரு மாதம் அனுப்பமாட்டார்கள். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமையே, நாலரைக்கு ராகுகாலம் தொடங்குமுன் அவளைச் சேலத்திலிருந்த அந்த வீட்டில் கொண்டுபோய் விடுவதென்று தாத்தா முடிவெடுத்தார். சித்தியை யாரும் கேட்கவில்லை. அவள் கையிலிருந்த தீக்காயம் சோறு வடிக்கும்போது பட்டது என்றார்கள், நானும் நம்பினேன்.

சித்தியின் அண்ணனான என் மாமாதான் ஓட்டினார். அவருடைய கிழட்டுக் கார் கரடியூரிலிருந்து கிளம்பி, மலைப்பாதையில் பாதி இறங்கியதும் ஒரு வளைவில் நின்றுவிட்டது. மாமா பானெட்டைத் திறந்து காயிலைத் தொட்டார். கொதித்தது. பேட்டரி கரண்டைப் பொறியாக்குவது அதுதான். டிக்கியிலிருந்த புதுக் காயிலை எடுத்து மாட்டினார். தாத்தா கட்டைச்சுவரில் உட்கார்ந்திருந்தார். சிக்னல் இல்லாத அந்த இடத்தில் அவருடைய செல்போன் மணி பார்க்க மட்டும் உதவியது.

சித்தி உள்ளே இருந்து சாவியைத் திருப்ப, மாமா காயிலின் தடித்த ஒயரைக் கழற்றி, பொறி வருகிறதா என்று பார்க்க அதன் நுனியை எஞ்சின் இரும்பருகே பிடித்தார். பக்கத்தில் நின்று பார்த்தேன். டப்பென்று நீலமாகப் பொறி தெறித்தது.

"பொறியே வரலீங்கப்பா" என்றார் மாமா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீலமா வந்துச்சே மாமா" என்று ஆரம்பித்தேன். அவர் கை என் தோளை அழுத்தியது.

"புள்ள என்ன சொல்லுது?" தாத்தா எழுந்து வந்தார்.

"கொரங்கப் பாத்து பயப்படுதுங்க. கண்ணு, நீ போயி சித்திகிட்ட உக்காரு சாமி."

தாத்தா எஞ்சினுக்குள் குனிந்தார். காப்பிச் செடிக்கு வரும் நோயெல்லாம் அவருக்கு அத்துப்படி. கார் நோய் தெரியாது. "புதுசுமா போச்சு?"

"கடைக்காரன் ஏமாத்திட்டானுங்க."

அப்போது மேலிருந்து பஸ் வந்தது. தாத்தா ரோட்டுக்கு ஓடிக் கை காட்டினார். சித்தி என் விரல்களை நெரித்துவிட்டாள். வளைவில் எந்த டிரைவர் நிறுத்துவான்? பஸ் போய்விட்டது.

நாலரை தாண்டியதும், "ஊட்டுக்கே போலாம். ஆடி கழியட்டும்" என்றார் தாத்தா. மாமா ஒயரைச் செருகினார். முதல் திருப்பிலேயே வண்டி கிளம்பியது. எதற்கும் ஆயிரம் கேள்வி கேட்கும் தாத்தா, ஒன்றும் கேட்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாமாவுக்கு வேலை தெரியாது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். இராத்திரியெல்லாம் தூங்காமல் புரண்டுகொண்டிருந்த சித்தி, என் தோளில் சாய்ந்து, வழி நெடுக வாயைப் பிளந்துகொண்டு தூங்கினாள். போகவேண்டிய வீட்டுக்குப் போய்ச் சேராதவளுக்கு எப்படி அப்படியொரு தூக்கம் வந்தது என்றுதான் எனக்குப் புரியவில்லை.