மருந்தாகிப்போன சாயநீர்

இந்நாட்டு வீடுகளின் தெருப்பக்கச் சாளரங்களுக்குத் திரை இடுவதில்லை. மாலையில் விளக்கேற்றிய பின்னும் உள்ளே இருப்போர் உண்பதும் படிப்பதும் தெருவிலிருந்து துலக்கமாகத் தெரியும். ஆயினும் போவோர் வருவோர் ஒருவரும் திரும்பி நோக்குவதில்லை. நோக்குவது பண்பன்று என்பது இவர்தம் எழுதாச் சட்டம். நெதர்லாந்தின் ஸ்வொல்லே நகரில், என் மகள் எஸ்தரின் வீட்டு முன்னறையில், அத்தகைய சாளரம் ஒன்றின் அருகே மேசையிட்டு அமர்ந்திருக்கிறேன். ஒருநாள் கொக்கியூசியால் மேசைவிரிப்புப் பின்னுகிறேன். மறுநாள் கள்வராயன் மலையின் உயரக்கோடுகளைத் தாளில் வரைகிறேன். வேறொரு நாள் முழங்கை வரை அவுரி நீலம் பூசி, வாளியின் முன் நிற்கிறேன். மிதிவண்டிகள் வரிசையாகக் கடந்து செல்கின்றன. நீலக் கையுடன் நிற்கும் ஒரு முதியவளை எவரும் கண்டுகொள்வதில்லை. கள்ளக்குறிச்சியில் என் வீட்டு வாசலில் நிறம் மாறிய ஒரு துணியை உலர்த்தினாலே போதும், "இன்னா டீச்சர், துணிக்கு இன்னா ஆச்சு?" என்று மூவரேனும் நின்று கேட்டு, விடை கிடைக்காமல் நகரமாட்டார்கள்.

கேட்பதற்கு ஆளில்லாத ஏக்கமே என்னை இணையத்திற்குள் தள்ளியது என்று இப்போது எண்ணுகிறேன். பள்ளியில் புவியியல் ஆசிரியையாய் இருந்து ஓய்வு பெற்றவள் நான். கணவர் மறைந்தபின் மகளிடம் வந்து சேர்ந்தேன். அவள் ஒரு கைப்பேசித் தாங்கியை வாங்கித் தந்து, வலையொளியில் எனக்கென ஒரு பக்கத்தையும் திறந்து கொடுத்தாள். என் முகத்தைக் காட்டுவதில்லை. கைகளையும் குரலையும் மட்டுமே காட்டினேன். பின்னல், நிலப்படம், இயற்கைச் சாயம், பழங்கிறித்தவப் பாடல்களின் யாப்பு, இந்நாட்டுக் கால்வாய்களின் மதகுக் கதவுகள் என்று ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொன்று. பார்த்தவர் சிலரே. பின்னலுக்காக வந்தவர் யாப்பைக் கண்டு ஓடினர். யாப்புக்காக வந்தவர் மதகைக் கண்டு திகைத்தனர்.

ஆகவே நகர நூலகத்தில், இணையத்தில் படைப்பாளராய் வாழ்வது எப்படி என்று கற்பிக்கும் வகுப்பில் சேர்ந்தேன். கற்பித்தவள் ஆனெகெ என்னும் இளம்பெண். அம்மையீர் என்னும் பொருளில் 'மெஃப்ரௌ' என்று விளித்து, இவ்வூரார் வழக்கப்படி சுற்றிவளைக்காமல் கேட்டாள்.

"மெஃப்ரௌ, நீங்கள் யார்? ஒரு வரியில் சொல்லுங்கள்."

எனக்கு வாய்த்த குறை டச்சு மொழியில் அனைத்தையும் அடுக்கினேன்.

"அது ஐந்து வரி," என்றாள் சிரித்துக்கொண்டே.

"ஒரே மூச்சில்தானே சொன்னேன்?" என்றேன். அவள் முகம் வாடியது. எனக்கு மூச்சுத்திணறல் என்று கருதி, எழுந்து போய்க் குவளையில் தண்ணீர் கொணர்ந்தாள். மறுக்க மொழி போதாமையால் குடித்தேன்.

அவள் கூறியதில் பிழையில்லை. இந்நாட்டின் இயல்பே அது. வெந்நீர்க் கலனைப் பழுதுபார்க்க வந்தவர், பக்கத்தில் ஒழுகிய குழாயைத் தொட மறுத்துவிட்டார். அதற்கு வேறு ஆள் வருவாராம். கள்ளக்குறிச்சியில் எங்கள் பங்குக் கோயிலில் மணியடித்தவர் கரும்பு பயிரிடுபவர். சவப்பெட்டியும் அவரே செய்வார். கிறித்துப் பிறப்பு நாடகத்தில் ஆண்டுதோறும் ஏரோது மன்னனாகி, குழந்தைகளை அழவைப்பவரும் அவரே. நீர் யார் என்று அவரை ஒரு வரியில் எவரும் கேட்டதில்லை. என் பள்ளியிலும் தையல் ஆசிரியை விடுப்பில் சென்றால் தையல், பாட்டு ஆசிரியை மாறுதலில் போனால் பாட்டு, இரண்டுமே என் தலையில்தான் விழும். பின்னர் அவர்கள் திரும்பி வந்தாலும் நான் அவற்றை விடுவதில்லை. சிற்றூர்களில் இது பெருமையன்று, ஆள் தட்டுப்பாடு. என்னிடத்தில் அது நோயாகவும் முற்றியிருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எதிலும் கால் ஊன்றாமல், ஒன்றைத் தொடும்போதே அடுத்ததை நோக்கி உள்ளம் பறக்கும். பாதி பின்னிய விரிப்புகளைப் பார்த்து என் கணவர் சொல்வார்: "உன் ஒருத்திய கட்டிக்கினு நாலு பொம்பளைங்களோட குடித்தனம் பண்றேன். நாலு பேர்ல ஒருத்தியாவது ஒழுங்கா சோறாக்குவாளான்னு பாத்தேன், அதுவும் இல்ல."

சென்ற தை மாதத்தில் ஊருக்குச் சென்றேன். வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து மலைவாழ் பெண்கள் உலர்ந்த கடுக்காயை மூட்டைகளில் இறக்கிக்கொண்டிருந்தனர். அதில் சிறிது வாங்கி, தம்பியின் வீட்டு முற்றத்தில் வைத்துத் துணிக்குச் சாயமேற்றும் காணொளி ஒன்றை எடுத்தேன். என் இயல்பான நடையிலேயே பேசினேன்: "கொட்டையை நீக்குக. தோலை இடித்துத் தூளாக்குக. வெந்நீரில் ஓரிரவு ஊறவிடுக. தெளிந்த நீரை வடித்துக்கொள்க." அந்நீரில் துணியைத் தோய்த்தால் வைக்கோல் மஞ்சள் ஏறும். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்த நீரில் அதே துணியை மீண்டும் தோய்த்தால், கண்முன்னே கரியாகக் கறுக்கும். எனக்கு வியப்பூட்டுவது அந்த மாற்றமே. அதற்காகவே படமெடுத்தேன்.

தமிழகத்தில் இன்று ஒருவர் கலப்பில்லாத தமிழில், அதுவும் கடுக்காயைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால், அவரைச் சித்த மருத்துவர் என்றே உலகம் கொள்ளும். நான் இதை அறிந்திருக்கவில்லை. ஒரு திங்களுக்குள் என் மற்றக் காணொளிகள் அனைத்தையும் கூட்டினாலும் எட்டாத அளவு மக்கள் அதனைப் பார்த்தனர். பின்னூட்டங்கள் குவிந்தன. "அம்மா, சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" "ஒரு வாரமா குடிக்கிறேன், வயிறு லேசா இருக்குது தாயே." துணி தோய்க்கும் நீரைக் குடித்திருக்கிறார்கள்! பதறிப்போய், "அன்பர்களே, நான் மருத்துவர் அல்லேன், இது துணிக்குரிய சாயம்" என்று எழுதினேன். உடனே ஒருவர் விடையிறுத்தார்: "உண்மையான வைத்தியருங்க இப்பிடித்தான் அடக்கமா சொல்லுவாங்க. போலிங்கதான் போர்டு மாட்டிக்கினு திரியறானுங்க." அவ்விடையை விரும்பியவர் பலர்.

"யாரும் பாக்கலன்னு எத்தினி நாள் பொலம்பின?" என்றாள் எஸ்தர். "இப்ப பாக்கறாங்க இல்ல? கடுக்காயையே புடிச்சிக்கினு போயேம்மா. மதகுக் கதவ அப்புறம் பாத்துக்கலாம்."

ஆனெகெ கைதட்டினாள். "உங்கள் ஒரு வரி கிடைத்துவிட்டது, மெஃப்ரௌ!" எனக்கும் உள்ளூர மகிழ்ச்சி இருந்தது. அதேவேளை, யாரோ ஒருத்தியின் பெயரில் வரும் மடல்களை நான் பிரித்துப் படிப்பது போன்ற கூச்சமும் இருந்தது. அந்த இரண்டுக்கும் இடையில் ஆடி மாதம் வரை நிலைகொள்ளாமல் உழன்றேன்.

அப்போதுதான் ஒரு நண்பகலில் கைப்பேசித் திரையில் ஒரு பெண்முகம் தோன்றியது.

"டீச்சர், நான் வளர்மதி. டென்த் பி. மேப்புல ஆத்த மலைமேல ஏத்திட்டேன்னு உங்ககிட்ட திட்டு வாங்கினவ. உங்க தம்பிகிட்ட நம்பர் வாங்கினேன்."

மூங்கில்துறைப்பட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். கணவர் ஏழுமலை, சர்க்கரை ஆலைக்குக் கரும்பேற்றும் டிராக்டரின் ஓட்டுநர். வளர்மதி குரலைத் தாழ்த்தினாள்.

"அவருக்கு சக்கர ஜாஸ்தி டீச்சர். கரும்புக் கட்ட குத்தி கால்ல புண்ணு. பெரியாஸ்பத்திரிக்கு வாய்யான்னா, 'கடுக்கா வைத்தியம் நடந்துக்கினு இருக்குது, நடுவுல கலைக்கக்கூடாது'ங்கறாரு. மாத்திரையும் நிறுத்திட்டாரு. வீடியோல பேசறது எங்க டீச்சருய்யான்னு தலபாடா அடிச்சிக்கறேன், நம்பமாட்டேங்கறாரு. நீங்களே சொல்லுங்க."

கைப்பேசி கைமாறியது. கட்டிலில் அமர்ந்து, ஒரு காலை நெகிழி முக்காலியின் மேல் நீட்டியிருந்தவர் கைகூப்பினார்.

"வணக்கம் வைத்தியரம்மா."

"ஐயா, நான் வைத்தியர் அல்லேன். உங்கள் மனைவிக்குப் புவியியல் கற்பித்தவள்."

அவர் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியா? பெரியவங்க ஒத்துக்கவே மாட்டாங்க. இவ்ளோ பெரிய வைத்தியரு உனக்குப் பாடம் எடுத்திருந்தா நீ ஏன் பத்துல ரெண்டு தபா எழுதப்போற?"

"நான் ரெண்டு தபா எழுதினேன். நீ அந்தப் பக்கமே போவல. வாய மூடிக்கினு கால காட்டுய்யா."

காலைக் காட்டினார். சுண்டுவிரலும் அதையடுத்த விரலும் கரியாய் இருந்தன.

"விரல்கள் கறுத்திருக்கின்றனவே?"

"அது சாயம்மா," என்றார், எனக்கே ஆறுதல் கூறுபவர்போல. "நீங்கதான காட்னீங்க, கடுக்கா கறுப்பு குடுக்கும்னு. துணியிலயே அப்பிடி புடிக்குதுன்னா ஒடம்புல எப்பிடி புடிக்கும்! தெனம் ரெண்டு வேள ஊத்தறேன். இப்ப வலியே இல்ல."

சர்க்கரை நோயாளியின் புண்ணில் வலி நின்றால், அங்கே உணர்வு செத்துவருகிறது என்று பொருள். ஆயினும் நான் என்ன சொன்னாலும் அது அடக்கமாகிவிடும் என்பதும் விளங்கிவிட்டது. அவர் நம்பும் மொழி என்னிடம் ஒன்றே இருந்தது.

"வளர்மதி, எந்தப் பாத்திரத்தில் ஊறவைத்தாய்?"

"சில்வர் குண்டான்ல டீச்சர்."

"இரும்புச் சட்டி? துருப்பிடித்த ஆணி? வெல்லம்?"

"அதெல்லாம் எதுக்கு? வெறும் கடுக்காதான்."

"கால் துடைக்கும் துண்டைக் காட்டு."

துண்டு வைக்கோல் மஞ்சளாய் இருந்தது. "ஏழுமலை, துண்டைப் பாருங்கள். உங்கள் மற்ற மூன்று விரல்களையும் பாருங்கள். எல்லாம் மஞ்சள். கடுக்காய் தனியே மஞ்சளைத்தான் தரும். இரும்பைத் தொட்டால்தான் கறுக்கும். காணொளியில் இரண்டையும் காட்டினேனா இல்லையா? உங்கள் நீரில் இரும்பே படவில்லை. அந்த இரண்டு விரல்களின் கறுப்பு சாயம் அன்று."

துண்டை ஒருமுறையும் காலை ஒருமுறையும் பார்த்தார். தெருவில் கரும்பு வண்டியொன்று கடந்துபோகும் ஓசை கேட்டது. சிரிப்பு மறைந்த முகத்துடன் கேட்டார்: "அப்ப இன்னா பண்ணணும் வைத்தியரம்மா?"

அன்று நான் அப்பெயரை மறுக்கவில்லை. "இப்போதே கள்ளக்குறிச்சி மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். குளிக்கவும் வேண்டாம், உண்ணவும் வேண்டாம். எழுந்திருங்கள்."

அவர்கள் வழியில் இருக்கும்போதே அக்காணொளியை நீக்கச் சொன்னேன். எஸ்தர் உடனே நீக்கினாள். அடுத்த இரண்டு நாளும் ஊசியையோ எழுதுகோலையோ தொட இயலவில்லை. வாசலுக்கும் அடுக்களைக்குமாக நடந்தேன். பின்னர் வளர்மதி அழைத்தாள். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்களாம், காலுக்குப் பழுதில்லையாம். "இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தா கணுக்கால் போயிருக்கும்னாங்க டீச்சர்," என்று சொல்லி அழுதாள். பிறகு அழுகையினூடே, "இப்பவும் உங்கள வைத்தியரம்மான்னுதான் நர்சுங்ககிட்ட பெரும பேசிக்கினு இருக்கறாரு," என்றாள்.

நடந்ததை ஆனெகெயிடம் இயன்றவரை எடுத்துரைத்தேன். அவள் கண் கலங்கிக் கேட்டாள். என் கையைப் பற்றிக்கொண்டாள். சற்று எண்ணிப்பார்த்தபின், "அப்படியானால் உங்கள் ஒரு வரி, சாயம்!" என்றாள். நல்ல பெண். நன்றி கூறி விடைபெற்றேன்.

வளர்மதி அழைத்தது புவியியல் ஆசிரியையை. ஏழுமலை நம்பியது இல்லாத ஒரு மருத்துவச்சியை. கறுப்பையும் மஞ்சளையும் பிரித்தறிந்தவள் சாயக்காரி. இவர்களுள் எவளை வீட்டைவிட்டு அனுப்புவது? என்னைப்போல் நாடு பெயர்ந்து, பிள்ளைகளின் வீடுகளில் அமர்ந்து, கைப்பேசிக்கு முன் பேசிக்கொண்டிருக்கும் முதியோரும் இதைப் படிக்கக்கூடும். உங்களையும் ஒன்றைப் பற்றிக்கொள்ளச் சொல்வார்கள். அவர்கள் சொல்வது தவறென்று என்னால் உறுதியாகக் கூற முடியவில்லை. என் பக்கத்தைப் பார்ப்போர் மீண்டும் சிலராகச் சுருங்கினர். நானோ அமைதியடைந்தேன் அல்லேன். ஐப்பசியில் புதிதாக ஒன்று பற்றிக்கொண்டது: முகில்கள். குன்றென்று ஒன்றும் இல்லாத இத்தட்டை நிலத்தில், மலைக்குப் பழகிய கண் வேறெங்கே ஏறும்? முகில்களின் வகைகளைப் பற்றி ஒரு காணொளி இட்டேன். முதல் பின்னூட்டம் ஏழுமலையுடையது. "வைத்தியரம்மா, இது எந்த நோய்க்கு?"

சென்ற வாரம் அவரே ஒரு காட்சியை எடுத்து அனுப்பியிருந்தார். கோலூன்றி வயல்வரப்பில் நின்று வானைச் சுற்றிக் காட்டியிருந்தார். "ஆலையில கரும்ப வெட்டச் சொல்லி உத்தரவு வந்துடுச்சி. மச்சான்தான் வண்டி ஓட்டறான். வயலுக்குள்ள எறக்கிட்டு மழ புடிச்சிக்கினா சிக்கிக்கும். இன்னா சொல்றீங்க வைத்தியரம்மா?" பின்னாலிருந்து வளர்மதி கத்தினாள்: "டீச்சர்னு சொல்லுய்யா!"

காட்சியை இரண்டு முறை பார்த்தேன். கள்வராயன் முகடு முற்றும் மறைந்திருந்தது. கிழக்கே அடி இருண்ட திரள் ஒன்று எழுந்துகொண்டிருந்தது. அம்மண்ணில் பிறந்தவளுக்கு ஐயம் எழவில்லை. "இறக்க வேண்டாம். பொழுது சாய்வதற்குள் பெய்யும்," என்று எழுதிவிட்டு, நூலகத்திற்குப் புறப்பட்டேன். இங்கு வானம் வெளுத்திருந்தது, குடை எடுக்கவில்லை. பாதி வழியில், கால்வாய்ப் பாலத்தின் மேல், எந்தத் திசையிலிருந்து வந்ததென்றே அறியாமல் தூறல் பிடித்துக்கொண்டது. முகில்களைப் பற்றிக் காணொளி இட்டவள் ஒதுங்க இடமின்றி நின்றேன்.

கைப்பேசி அதிர்ந்தது. ஏழுமலை காணொளியில் அழைத்திருந்தார். தகரக் கூரைக்குக் கீழே கைப்பேசியை உயர்த்திப் பிடித்திருந்தார். மூங்கில்துறைப்பட்டில் மழை கொட்டி முழங்கியது. அதைக் காதோடு வைத்துக்கொண்டு பாலத்தின் மேல் நனைந்தபடி நின்றேன். என் தோளில் விழுந்த மழைக்கு ஓசையில்லை. கையிலிருந்த மழைக்கு ஈரமில்லை.