ஏற்காட்டுக்குப் போன திருநீற்றுப் பொட்டலம்

காலை 8.20. சேலத்தில் நான் ஏறிய ஏற்காடு பஸ் கொண்டப்பநாயக்கன்பட்டியைத் தொட்டதும், பக்கத்தில் இருந்த பெண் என்னிடம் ஜன்னலோரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். மலைப்பாதை அங்கேதான் தொடங்குகிறது. பெயர் மல்லிகா. திருச்செங்கோட்டுப் பக்கம், நாற்பது வயதிருக்கும். கணவர் போர்வெல் லாரியில் வடநாடெல்லாம் போகிறவர்.

மடியில் ஒரு திருநீற்றுப் பொட்டலம். சேலத்தில் இறங்கியதும் கோயிலுக்குள் ஓடி, ஐந்தே நிமிடத்தில் வாங்கி வந்தாளாம். வீட்டில் சொன்னது கோயில்; பார்க்கப் போவது ஏரி. எதற்கு இந்தப் பொய் என்றேன், கொஞ்சம் ஏளனமாகவே.

"எங்கூட்டுக்காரரு காஷ்மீர் வரைக்கும் பாத்துட்டாருங்க்கா. அது வேலையாமா. நான் ஏற்காடு போனா ஊர் மேயறதுங்கறாங்க. மாமியாருக்குத் தெரிஞ்சா இனிக் கோயிலுக்குக்கூட உடமாட்டாங்க."

பள்ளிக்கூடம் பேனர் கட்டிப் போனால் சுற்றுலா. ஆண் தனியாகப் போனால் ஊர்சுற்றி. பெண் போனாலோ மாட்டுக்குச் சொல்லும் சொல். கோயில், கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி தவிர வேறெதற்கும் படியிறங்கக் கூடாது போல. எனக்கு எரிச்சலாக வந்தது. மல்லிகா கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். இருபது.

9.40. ஏரியில் படகுக்கு நீண்ட வரிசை. அப்போது பார்த்து மாமியாரின் போன். சுற்றிலும் குழந்தைகளின் கூச்சல். பேச்சு தடுமாறியதும் போனை என் கையில் திணித்தாள். அடுத்தவர் வீட்டு விஷயத்தில் தலையிடாதவள் நான். "நல்ல கூட்டம்மா, வரிசையிலதான் நிக்கிறோம்" என்று என் வாய் தன் பாட்டுக்குச் சொன்னது. தனக்கும் சேர்த்துக் கும்பிட்டு வரச் சொன்னார் அந்த அம்மாள். பாவமாக இருந்தது.

படகில் அரை மணி நேரம். மல்லிகா தண்ணீரில் கையை விட்டபடியே வந்தாள். போட்டோ எடுக்கட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

மாலை 4.00. இறங்கும் பஸ். அவள் கேட்டாள்:

"ஏனுங்க்கா, நீங்க ஊட்ல என்னன்னு சொல்லிட்டு வந்தீங்க?"

"கட்டுரை எழுதப் போறேன்னு."

அவள் சிரிக்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்து, பாதித் திருநீற்றை ஒரு காகிதத்தில் மடித்து என் கையில் வைத்தாள்.

"இருக்கட்டுமுங்க்கா."

ராசிபுரத்தில் வீடு சேரும்போது இருட்டிவிட்டது. போன வேலை முடிந்ததா என்று கணவர் கேட்டார். முடிந்தது என்றேன். கை கால் கழுவிவிட்டு, அவர் கண் முன்னாலேயே உட்கார்ந்து இதை எழுதத் தொடங்கினேன்.