நோன்பு முறியும் என்று நான் நிறுத்திய சொட்டு மருந்து

ரமழானில் நோன்பு பதினான்கு அன்று, பின்னேர அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்குள் நுழைந்தேன். என் மனைவி பரீதா ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். காலடிச் சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்தாள். "நீங்களா, மகளா?" என்று கேட்டாள். நான் அவளுக்கு நாலடி தூரத்தில்தான் நின்றேன்.

மூன்று கிழமைக்கு முன்புதான் அவளுடைய வலது கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். இடது கண்ணிலும் புரை முற்றிக் கிடந்தது, அதற்கு இன்னும் திகதி கிடைக்கவில்லை. வலது கண்ணும் போனால் அவளுக்கு வெளிச்சமே இல்லை. அந்தக் கண்ணை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது நான்.

சகோதர சகோதரிகளே, அல்லாஹ் எங்கள் துஆவை, எங்கள் வேண்டுதலை ஏற்றுக்கொண்டதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் என் பிழையை மறைத்துவிட்டு அவன் செய்த உதவியை மட்டும் சொன்னால் அது பாதிப் பொய்யாகிவிடும்.

நான் மாத்தளை டவுனில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிறவன். வீடு அலுவிகாரைப் பக்கம். ஹஜ் செய்துவிட்டு வந்த நாளிலிருந்து எல்லோரும் என்னை ஹாஜியார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கடைக்கு வருகிறவர்கள் கராம்பு நிறுக்கும் இடைவெளியில் ஏதாவது ஒரு மார்க்கக் கேள்வியும் கேட்பார்கள். நான் மதரஸாவில் ஓதியவன் அல்ல. ஆனாலும் "தெரியாது" என்ற ஒரு சொல் மட்டும் என் வாயில் வராது. கேட்டவன் திருப்தியாகப் போனால் எனக்கும் ஒரு பெருமை. அந்தப் பெருமை என் வீட்டுக்குள்ளேயே வந்து வேலையைக் காட்டும் என்று நான் நினைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இரண்டு சொட்டு மருந்து தந்தார்கள். ஒன்று கிருமி வராமல் இருக்க, மற்றது கண்ணுக்குள் இருக்கும் அழற்சி தணிய. அழற்சிக்கான மருந்தை ஒரு நாளைக்கு நாலு தரம் போட வேண்டும். பிறகு கிழமைக்குக் கிழமை எப்படிக் குறைப்பது என்று அட்டையில் எழுதித் தந்தார்கள். கண் தெளிந்துவிட்டது என்று நினைத்து நீங்களாக நிறுத்த வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னார்கள். நான் இரண்டு தரமும் தலையாட்டினேன். முதல் கிழமை முடிந்து காட்டப் போனபோது கண் நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்து சுவர்க் கலண்டரின் சின்ன எழுத்தைப் பரீதா வாசித்துக் காட்டினாள். சிரித்துச் சிரித்து வாசித்தாள்.

அடுத்த நாள் தலை நோன்பு, ரமழானின் முதல் நாள். பகல் பதினொரு மணி இருக்கும், கடையில் இருக்கிறேன், போன் வந்தது.

"இஞ்ச, மருந்து போட்டா தொண்டையில கசக்குதுங்க. நோன்பு என்ன ஆகும்?" என்றாள்.

கடையில் இரண்டு பேர் நின்றார்கள். அவர்கள் காதிலும் விழட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். "தொண்டைக்குப் போனா நோன்பு முறிஞ்சிரும் பரீதா. பகல்ல போடாத. ஸஹருக்கு ரெண்டு சொட்டு, நோன்பு தொறந்து ரெண்டு சொட்டு. கணக்கு சரியா வந்திரும்."

அவ்வளவுதான். மௌலவியிடம் கேட்கவில்லை, டொக்டரிடம் கேட்கவில்லை. கண்ணில் ஒரு சொட்டுக்குமேல் நிற்காது, மற்றது கன்னத்தில் வழிந்துவிடும் என்பதுகூட எனக்குத் தெரியாது. நான் சொன்னதை அவள் மார்க்கமாக எடுத்துக்கொண்டாள். விடியுமுன் சாப்பிடும் ஸஹர் நேரத்து அவசரத்தில் அந்த இரண்டு சொட்டும் பல நாள் தவறிப்போனது.

ஏழெட்டு நோன்பு போன பிறகு கண் சிவந்தது. கேட்டேன். வெங்காயம் வெட்டினதாகச் சொன்னாள். பிறகு வீட்டுக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டாள். வெளிச்சம் குத்துகிறதாம். ஆஸ்பத்திரியில் சொன்ன அடையாளங்கள் இவைதான். சிவந்தால், நொந்தால், வெளிச்சம் தாங்காவிட்டால், பார்வை மங்கினால் உடனே வாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். நோன்புக் களைப்பு என்று நான் விட்டுவிட்டேன். அவள் வலியோடு எனக்குக் கஞ்சி காய்ச்சினாள். இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பதினான்காம் நோன்பன்று அவள் அப்படிக் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. உக்குவளையில் இருக்கும் மகள் ரிஸ்னாவுக்குப் போன் போட்டேன். அவள் த்ரீவீலோடு ஓடி வந்தாள். மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அன்று இருந்த டொக்டர் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர். விளக்கு வைத்துக் கண்ணை நெடுநேரம் பார்த்தார். "உள்ளுக்கு அழற்சி நல்லாக் கூடிப்போய்க் கிடக்கு. மருந்து ஒழுங்காப் போட்டனீங்களோ?" என்று கேட்டார்.

நான் மருந்து அட்டையை மட்டும் நீட்டினேன். பரீதாதான் பேசினாள். "நான்தான் சில நேரம் மறந்துட்டேன் டொக்டர்."

டொக்டர் அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சில நேரம் எண்டால் எத்தினை நேரம்? மருந்து போட்டும் கேக்கேல்லையோ, இல்லாட்டிப் போடவே இல்லையோ எண்டு தெரியாமல் நான் என்னத்தை எழுதுறது?" என்றார். பரீதா தலையைக் குனிந்துகொண்டாள். ஊரே ஹாஜியார் என்று கூப்பிடும் மனுஷன், பெண்சாதி தன் பழியைச் சுமக்கிறதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நோன்பு திறக்கும் பாங்கு நேரம் நெருங்கியது. வெளியே வராந்தாவுக்கு வந்தேன். முன்பின் தெரியாத ஒருவர் பேரீச்சம்பழம் ஒன்றைக் கையில் வைத்தார். நோன்பு திறக்கும் நேரத்துத் துஆ வீண்போகாது என்று எத்தனையோ பேருக்கு நான் சொல்லியிருக்கிறேன். கையை உயர்த்தினேன். "யா அல்லாஹ், அவளுடைய கண்ணைக் கொடு. உன் பெயரால் நான் தெரியாததைச் சொன்னேன். அதற்கு என்னைப் பிடி, அவளைப் பிடிக்காதே" என்று அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே மனதில் ஒன்று பட்டது. உள்ளே ஒரு டொக்டர் உண்மையைக் கேட்டுக்கொண்டிருக்கிறார், நான் வெளியே நின்று அதிசயம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பழத்தைக் கடித்து நோன்பைத் திறந்துவிட்டு நேரே உள்ளே போனேன்.

"டொக்டர், அவ மறக்கல்ல. பகல்ல போட வேணாம்னு சொன்னது நான். தொண்டையில கசக்குதுன்னா. நோன்பு முறியும்னு நானே முடிவு பண்ணிட்டேன். இந்த ரெண்டு கிழமையும் சரியாப் போடவே இல்ல."

டொக்டர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு பெருமூச்சு விட்டார். "இதை முதலே சொல்லியிருந்தால் எவ்வளவு நல்லம் ஐயா. அப்ப மருந்தில பிழை இல்லை. வேற மாத்தத் தேவையில்லை" என்றார். பிறகு பரீதாவின் தலையைச் சாய்த்து ஒரு சொட்டு விட்டார். கண்ணை மெதுவாக மூடச் சொல்லி, மூக்குப் பக்கத்து மூலையில் விரலை வைத்து இரண்டு நிமிஷம் அமத்திப் பிடித்தார். "இப்ப கசக்குதோ?"

"இல்ல டொக்டர்" என்றாள் பரீதா. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணிலிருந்து தொண்டைக்கு ஒரு வழி இருக்கிறதாம். அந்த மூலையை அமத்தினால் மருந்து கீழே போகாமல் கண்ணிலேயே நிற்குமாம். ஒரு விரல் வைக்கிற வேலை அது. அதைக் கேட்டுப் பழகாமல் நான் அவளுடைய கண்ணையே பணயம் வைத்திருக்கிறேன்.

எங்கள் பள்ளிவாசல் மௌலவிக்கு அங்கிருந்தே போன் செய்தேன். அவர் அமைதியாகச் சொன்னார். "நம்மட மத்ஹப் சட்டத்துல கண்ணுக்கு மருந்து போட்டா நோன்பு முறியாது ஹாஜியார். தொண்டையில ருசி தெரிஞ்சாலும் முறியாது. அதவிட, நோயாளிக்கு நோன்ப விட்டுட்டுப் பொறகு வேற நாள்ல கழாச் செய்ய அல்லாஹ் சலுகை தந்திருக்கான். ஒரு போன்ல கேட்டிருக்கலாமே." அந்தக் கடைசி வார்த்தை இன்றுவரை என் காதில் இருக்கிறது.

முதல் சில நாட்களுக்கு அதே மருந்தை ஒவ்வொரு மணித்தியாலமும் போடச் சொன்னார்கள். பரீதா நோன்பை விட்டாள். நான் கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் இருந்தேன். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவேன், போத்தலைக் குலுக்குவேன், கீழ் இமையை இழுத்து ஒரே ஒரு சொட்டு விடுவேன். போத்தல் நுனி கண்ணிலோ இமையிலோ படவே கூடாது, பட்டால் கிருமி ஏறிவிடும். மற்ற மருந்துக்கு முன்பு ஐந்து நிமிஷம் காத்திருப்பேன். நோன்போடு நின்று அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். பகலில் குடிக்க அவள் கூச்சப்பட்டாள். "குடி, இதுவும் அவன் தந்த அனுமதிதான்" என்றேன். ஒவ்வொரு தொழுகையிலும் நெற்றியைத் தரையில் வைக்கும் ஸுஜூதில் ஒரே ஒரு துஆதான் கேட்டேன்.

நோன்பு இருபத்திரண்டு. காலையில் மருந்து போடக் குனிந்தேன். பரீதா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "சட்டைப் பொத்தான மாத்திப் பூட்டியிருக்கீங்க" என்றாள். குனிந்து பார்த்தேன், உண்மைதான். அல்ஹம்துலில்லாஹ்! போத்தலைக் கையில் வைத்துக்கொண்டே அழுதேன். அவள் என் பொத்தானைக் கழற்றிச் சரியாகப் பூட்டிவிட்டாள்.

எல்லாம் திரும்பி வந்தது என்று சொல்ல மாட்டேன். கலண்டரின் சின்ன எழுத்து அவளுக்கு இப்போது தெரிவதில்லை. இந்த மருந்து சிலருக்குக் கண்ணின் அழுத்தத்தைக் கூட்டுமாம், அதனால் சொன்ன திகதியில் தவறாமல் போய்ப் பார்க்கிறோம். டொக்டர் சொன்னபடியே படிப்படியாகக் குறைத்தோம், முடிந்ததும் மிச்சத்தை வீசிவிட்டோம். வீசுவதற்கு முன்பு பக்கத்து வீட்டில் ஒருவருக்குக் கண் சிவந்து மிச்ச மருந்தைக் கேட்டார்கள். கொடுக்கவில்லை, டொக்டரிடம் போகச் சொன்னேன்.

ஒரு நாள் பரீதாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "வலிக்குதுன்னு ஒரு வார்த்த ஏன் சொல்லல்ல?" என்றும் கேட்டேன். "நீங்க சொன்னத அல்லாஹ் சொன்னதாத்தானே நெனச்சேன்" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

சகோதர சகோதரிகளே, உங்கள் கஷ்டத்தில் அவனிடம் கையேந்துங்கள், அவன் கைவிட மாட்டான். ஆனால் கையேந்திவிட்டு, தெரிந்தவர்களிடம் போய்க் கேளுங்கள். அவன் உதவி எனக்கு அந்த டொக்டரின் விரலிலும் மௌலவியின் போனிலும்தான் வந்தது. கடையில் யாராவது மார்க்கம் கேட்டால் இப்போது நான் "தெரியாது, மௌலவியிடம் கேளுங்கள்" என்கிறேன். பெருமை போனது, பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்ற பயமும் போனது.

இந்த வருடம் அவளுடைய இடது கண்ணுக்கும் சத்திரசிகிச்சை முடிந்தது. முதல் நாள் நான் போத்தலை எடுத்துக்கொண்டு போய், "இந்தக் கண்ணுக்கு நாலு தரம்" என்றேன். முப்பது வருடத்தில் என் வார்த்தைக்கு மறுவார்த்தை பேசாத பரீதா, நிமிர்ந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தாள்.

"யார்ட்ட கேட்டீங்க?" என்றாள்.

ஆஸ்பத்திரியில் எழுதித் தந்த அட்டையை அவள் கையில் கொடுத்தேன்.